எதிர்க்கடை மென்பொருள்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் இன்றும் என் கண் அந்த எதிர்க்கடைக் கதவைத்தான் தேடும். அப்போது அங்கே கடை வைத்து, ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு நான் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன் எதிரே கடை போட்டு அதே தொழில் செய்தான்.

எங்களுக்குள் சண்டை வந்தது லாட்ஜுக்காக இல்லை, மென்பொருளுக்காக. வெப்சைட் வடிவமைக்க நான் ஒரு கம்பெனியின் மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன், அவன் போட்டிக் கம்பெனியுடையதை. இரண்டுமே மதுரையில் வாங்கின திருட்டு சிடிதான். ஆனாலும் அப்பன் பாட்டன் சொத்து மாதிரி அடித்துக்கொண்டோம்.

தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெறிக்கிறது என்று என் கம்பெனிக்கு மெயில் போட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வந்தது. எல்லாருக்கும் போகிற பதில் அது என்று தெரியாமல், பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். மறுவாரமே அவன் கதவில் அவன் கம்பெனி நன்றி சொன்ன தாள் தொங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. அதோடு பேச்சு நின்றுபோனது. டீக்கடையில் அவன் தலை தெரிந்தாலே நான் எழுந்து போய்விடுவேன்.

பிறகு ஒருநாள், என் கம்பெனி அவன் கம்பெனியை வாங்கிவிட்டதாகப் பேப்பரில் செய்தி வந்தது. ஜெயித்த மிதப்பில் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்த அவன் நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்க சம்பந்தி," என்றான். "எங்க வீட்டுப் பொண்ணு உங்க வீட்டுக்கு வருது. கண்கலங்காம வச்சுக்கங்க."