சாக்ஸபோன்காரரைப் பார்த்துத் தலையாட்டினேன்

அரியலூரில் ஜாஸ் வாசிக்கிறோம் என்றால் ஆட்கள் எங்களை ஒரு தினுசாகத்தான் பார்ப்பார்கள். நான் பியானோ, அதாவது, பியானோ சத்தம் வரும் கீபோர்டு. என் வீட்டுக்காரர் பேஸ் கிட்டார். லாரிப் பட்டறை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் டிரம்ஸ். மூவருமே போனில் வீடியோ பார்த்து வாசிக்கப் பழகியவர்கள். நாங்கள் வாசிப்பது ஜாஸ்தானா என்று சொல்ல ஊரில் நாதியில்லை. மற்ற இருவருக்கும் அந்தக் கவலை கிடையாது. எனக்குத்தான் மண்டைக்குள் ஓயாத குடைச்சல். இதில் நான் தேவையா, அல்லது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேனா?

பெரம்பலூரில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு சாக்ஸபோன்காரரைச் சேர்த்துக்கொண்டோம். கல்யாணங்களில் தவிலோடு வாசிப்பவர், என்னைவிட மூத்தவர். அவர் தனியாக வாசித்து முடித்ததும் தலையசைத்தால் அடுத்த தனி வாசிப்பை நான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். சரி டீச்சர் என்றார். ஒத்திகையில் என் வீட்டுக்காரர் நேரம் பார்த்து, போதும் என்று கை காட்டிவிட்டதால் எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

மேடையில் அவர் முறை வந்தது. நான் பின்னணியில் மெதுவாகக் கூடவே வாசித்துக்கொண்டிருந்தேன். அருமையாக வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் போல என நினைத்து, நன்றாகத் தலையாட்டினேன். மறுபடி வாசித்தார், மறுபடி பார்த்தார். நானும் மறுபடி தலையாட்டினேன். இப்படியே நான்கு தடவை. இந்த மனுஷர் முடிப்பாரா மாட்டாரா என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கோபம் வந்துவிட்டது. நீங்களே வாசியுங்கள் ஐயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சாக்ஸபோன் தணிந்தது. ஒரு சுரத்தைத் தொட்டு, விட்டு, வேறொன்றுக்குப் போனது. பேஸ் அதன் பின்னாலேயே போனது. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய சத்தம் தரும் கம்பிப் பிரஷ்ஷை எடுத்தார். பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்ட ஜாஸ் அதுதான். அதில் நான் இல்லை. வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் கை காட்டிய பிறகுதான் சாக்ஸபோன்காரர் நிறுத்தினார்.

திரும்பும்போது காரில் அதே பேச்சுதான். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் நமக்கு யோகம் போல என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியில் டீக்கடையில் இறங்கியபோது சாக்ஸபோன்காரரிடம், ஏன் நிறுத்தவேயில்லை என்று கேட்டேவிட்டேன்.

"கல்யாணத்துல நானா நிறுத்த முடியுமா டீச்சர்? யாராச்சும் கை காட்டணும். நீங்க தலையாட்டுனீங்க. இன்னும் வேணும்போலன்னு வாசிச்சேன்."

கொஞ்சம் டீயைக் குடித்துவிட்டு, "அப்பறம் நீங்க பாட்டுக்குக் கையை எடுத்துட்டீங்க. எங்க போறதுன்னே தெரியல. உங்களத் தேடிக்கிட்டேதான் வாசிச்சேன்" என்றார்.

அவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

"அடுத்த தடவையும் கையை எடுத்துருங்க டீச்சர். எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

"சரிங்கண்ணே" என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. என்னைத் தேடிக்கொண்டுதான் வாசித்தாராமே என்று நினைத்ததும் அழுகை வந்தது.