பேருந்து வருவதற்குள் ஒரு மாத்திரை

மிஸி கமலா இறந்த செய்தி, அவர் வீட்டு வாசலில் நான் காத்து நின்றபோது வந்தது. கதவு பூட்டியிருந்தது. பேருந்திலிருந்து கண்டக்டர் அண்ணன் தலையை நீட்டினார். "அங்க ஏன் நிக்கிற? மிஸி செத்துப் போய்ட்டாங்க லா. நேத்து சாயந்திரம், ஈப்போ ஆஸ்பத்திரில. நெஞ்சு வலியாம். ஏறு, நேரமாச்சு." ஏறினேன். அழுதால் காரணம் கேட்பார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால் இருக்கும் நம் ரப்பர் தோட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. கிளினிக்கின் ஒரே நர்ஸ். உங்கள் பிள்ளைகளில் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். பால்மரம் சீவும்போது விரலைச் சீவிக்கொண்டு வருபவர்களிடம், "மரத்துல பால் வரலன்னு கையில எடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டுப் போடுவார். நீங்கள் அறிந்த மிஸி அவர். நான் அறிந்ததை உங்களிடம் சொல்ல முடிந்ததில்லை.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும் வழியில் அவர் வீட்டருகே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. நாக்கில் இரத்தம். வலிப்பு என்றார். "அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம் மிஸி. முனியம்மாவ மாதிரி ஆக்கிருவாங்க."

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் முனியம்மாவை நீங்களும் பார்த்தீர்கள். வலிப்பு என்று தெரிந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடித்தார்கள். இப்போது அவள் வாசலுக்குக்கூட வருவதில்லை. மிஸி என் வாயோரத்து இரத்தத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "சரி, பரீட்சை முடியட்டும். நானே வந்து உங்கப்பாகிட்ட பேசுறேன். அவரு என்ன, ஆள முழுங்கிருவாரா?" என்றார். ஒரு குப்பியில் மாத்திரை கொடுத்தார். "ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா முன்னவிடப் பெருசா வரும்."

பவுடர் டப்பாவில் அதை ஒளித்து வைத்தேன். சில நாளில் தம்பிக்கு அம்மை போட்டது. மாரியம்மா வந்திருக்கும் வீட்டில் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று அம்மா மூலை முடுக்கெல்லாம் தேடினாள். தலைவலி மாத்திரை என்று நினைத்து, என் குப்பியையும் கொட்டிவிட்டாள். அதன் பிறகு மிஸி மாத்திரைகளைத் தன் வீட்டு அலமாரியிலேயே வைத்துக்கொண்டார். தினமும் காலையில், பேருந்து வருவதற்குள், ஒன்றை என் உள்ளங்கையில் வைப்பார். "முழுங்கிட்டியா? நாக்கக் காட்டு."

இறுதிச் சடங்குக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். நானும் அம்மாவோடு நின்றேன். தைப்பிங்கிலிருந்து வந்திருந்த மிஸியின் அக்கா அலமாரியைத் திறந்தார். "செத்தவங்க மருந்து வீட்ல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் லோங்காங்ல கொட்டுங்க." என் குப்பியும் போயிற்று. மாத்திரைகள் சாக்கடைத் தண்ணீரில் வெள்ளையாகக் கரைந்ததைப் பார்த்தேன். அது என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. "பாவம், இந்தப் புள்ள மேல மிஸிக்கு உசிரு" என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

கிளினிக்கில் இப்போது வேறொரு நர்ஸ். அவரிடம் போனேன். "சின்னப் புள்ளைக்குத் தனியா மருந்து தர முடியாதுலா. அப்பாவக் கூட்டிட்டு வா, நாளைக்கே வாங்கிட்டுப் போலாம், என்ன இப்ப?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொன்ன மிஸி இப்போது இல்லை.

மிஸியிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது மாத்திரை அல்ல. எனக்கு வலிப்பு வருமுன், புகைக்கூடத்தில் ரப்பர் தாள் காய்வதுபோல் ஒரு வாடை வரும். "அந்த வாடை வந்தா ஓடாத, யாரையும் தேடாத. நெருப்பத் தள்ளி வை. தரையில உக்காரு. உக்காந்தவ விழ மாட்டா" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். புகைக்கூடம் இன்று மூடிக் கிடக்கிறது. ஆனால் வாடை வருகிறது. விளக்கை எட்டத் தள்ளி வைத்துவிட்டேன். தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மிஸி.