கார்க் கண்ணாடியை மூடிய பதிகம்

ஆனைமுகத்து ஐயனே, அடியேன் கண்ணுக்கும் காணும் பொருளுக்கும் நடுவே மறைப்பு ஏதும் வாராமல் காத்தருள்க. மயிலேறும் பெருமானே, நின்னைப் பாடிய வாயால் விளைந்த ஒரு குழப்பத்தை நின் திருவடியிலேயே வைக்கிறேன், சிரித்து ஏற்றுக்கொள்க.

இன்று பங்குனி உத்திரம். கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. காரின் முன்கண்ணாடி உட்புறம் மங்கியது. என் கணவர் கை நீட்டி, என் பக்கத்து ஜன்னலை நான்கு விரற்கடை இறக்கினார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் காரணத்தை எழுதிவைக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

ஃபிஜித் தீவில் ராணுவத்தால் ஆட்சி கவிழ்ந்ததற்கு அடுத்த மழைக்காலம் அது. இந்திய வம்சாவளியினர் வெளிநாடு போகப் போக, நவுவா ஊரில் எங்கள் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. என் தங்கையின் கணவரும் அலுவலக வேலையை இழந்து, ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டிருந்தார். மாதங்கள் சென்றும் பதில் இல்லை, தங்கை இளைத்துப்போனாள். நான் முருகன் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன்: விசா வந்தால், வீட்டு வாசல் முதல் நாடி நகர விமான நிலையம் வரை பதிகம் பாடியே இவர்களை வழியனுப்புவேன், இடையில் வேறு ஒரு சொல்லும் பேசமாட்டேன். அது மூன்று மணி நேரப் பாதை என்பது வேண்டிய வேளையில் நினைவுக்கு வரவில்லை. பத்தாம் நாள் விசா வந்துவிட்டது.

புறப்பட்ட காலையில் விடாத மழை. எங்கள் பழைய காரில் காற்று ஊதும் விசிறி பழுதாகி வெகுகாலம். ஆகவே ஆவி படியாதிருக்க, என் கணவர் முதல் நாளே சவரச் சோப்பை முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லப் பூசி, உலர்ந்த துணியால் பளபளக்கத் துடைத்து வைத்திருந்தார். அவர் ஓட்ட, நான் அருகில் அமர்ந்தேன். பின்னால் தங்கை, அவள் கணவர், இரண்டு சிறு பெண்கள். என் மடியில் சூடான சர்க்கரைப் பொங்கல் தூக்கு. தங்கையின் மடியில் நான்கு பாஸ்போர்ட்டுகள்.

"எல்லாக் கண்ணாடியையும் ஏத்திடுங்க. இது நனைஞ்சா போச்சு" என்றாள் தங்கை. நாங்கள் வீட்டில் பேசியது பாதி இந்தி, பாதி தமிழ்; இங்கே முழுவதும் தமிழாகவே எழுதுகிறேன்.

கண்ணாடிகளை ஏற்றினோம். நான் பாடத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் பக்கக் கண்ணாடிகள் வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஆயின. முன்கண்ணாடி மட்டும் சோப்பின் தயவால் தெளிவாக இருந்தது. உதவ நினைத்த தங்கை எட்டி, ஈரத் துண்டால் அதையும் ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். அடுத்த நிமிடமே அதுவும் மூடிக்கொண்டது.

"ஏம்மா, நீ துடைச்சது என் சோப்பு" என்றார் கணவர்.

"ஏதோ அழுக்குன்னு நினைச்சேன், அத்தான்."

கார் நடைவண்டிபோல் ஊர்ந்தது. தங்கையின் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் ஆவி படியாது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது. கப்பலில் வரவேண்டிய உருளைக்கிழங்கு அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. சாலையோரக் கொட்டகையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி, வெட்டித் தேய்த்தார். கிழங்குப் பால் காய்ந்து கோலம்போல் நின்றது. பிள்ளைகள் அதில் மீன் வரைந்தார்கள்.

அடுத்தது என் முறை. சிறுவயதில் விளக்குச் சிமினியைச் சாம்பலால் துலக்குவோம். அந்த நினைவில், பாட்டை நிறுத்தாமலே திருநீற்றுப் பையை எடுத்து, நனைந்த கைக்குட்டையில் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்தேன். சிமினியை உலர்ந்த துணியால் துடைப்போம் என்பது மறந்துவிட்டது. மூன்று விரல் அகலத்தில் வெண்பட்டைகள் நின்றன.

"நல்லது. காரும் பட்டை போட்டாச்சு. இனி அதுவே மோட்சத்துக்கு வழி பார்த்துக்கும்" என்றார் கணவர். பிறகு என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில், "உள்ளே ஆறு பேர் மூச்சு. அதுல ஒன்னு பாட்டா வேற வருது. கொஞ்சம் நிறுத்தேன். இந்த வேகத்துல போனா ப்ளேன் போயிடும்."

உள்ளத்தின் மறைப்பை நீக்கவல்லது என்று நம்பிப் பாடிய பாட்டே கண்ணெதிரே திரை நெய்துகொண்டிருந்தது. நிறுத்தினால் வாக்குத் தவறும். தொடர்ந்தால் தங்கை விமானத்தைத் தவறவிடுவாள். நான் மூச்சைச் சிக்கனமாக்கி, முணுமுணுப்பாகப் பாடினேன். கண்ணாடி சிறிதும் இரங்கவில்லை.

ஆற்றுப் பாலத்தருகே சோதனைச் சாவடி. உயரமான ஒரு சிப்பாய் ஜன்னலைத் தட்டினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத வண்டியை அவர் எப்படி விடுவார்? கணவர் எல்லா ஜன்னல்களையும் இறக்கச் சொன்னார்.

"இது என்ன வெள்ளைப் பொடி?" என்று சிப்பாய் சரளமான இந்தியில் கேட்டார்.

"சாம்பல், ஐயா. சாமிச் சாம்பல்."

"கண்ணாடியில ஏன்?"

"ஆவி படியுது."

"ஏன் படியுது?"

கணவர் என்னைக் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தே பாடிக்கொண்டிருந்தேன். வேண்டுதலைத் தங்கை விளக்கினாள். சிப்பாய் தொப்பியைச் சற்றுத் தூக்கி, அந்த அடி முடியும்வரை மழையில் நின்று கேட்டார்.

"எங்க சர்ச்சுலயும் நாள் முழுக்கப் பாடுவோம்" என்றார். "ஆனா யாராவது ஜன்னலை மூடிக்கிட்டுப் பாடுவாங்களா, அக்கா?"

அதற்குள் காற்று புகுந்து, முன்கண்ணாடியின் ஓரங்களிலிருந்து தெளிவு பரவத் தொடங்கியிருந்தது. ஆறு பேரும் அதை ஒருசேரப் பார்த்தோம்.

"பாஸ்போர்ட்டு?" என்றாள் தங்கை.

நான் தூக்கைத் திறந்து பொங்கல் முழுவதையும் சிப்பாயின் உணவுப் பெட்டிக்கு மாற்றினேன். தூக்கைத் துடைத்துப் பாஸ்போர்ட்டுகளை உள்ளே வைத்து மூடினேன். அவர் கைகாட்டி அனுப்பினார்.

பிறகு நான்கு ஜன்னல்களும் நான்கு விரற்கடை திறந்திருக்க, மழை தோளை நனைக்க, முழுக்குரலில் பாடினேன். பிள்ளைகளும் தெரிந்த அடிகளில் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடியில் கோலமும் பட்டையும் எஞ்சினவே தவிர, ஆவி இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவு ஊரின் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னும் நேரம் மீதியிருந்தது.

பயணச்சீட்டுக் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முகர்ந்து பார்த்து, "ஏலக்காயா?" என்றாள். தங்கை அழுவதற்குப் பதில் சிரித்துவிட்டாள். வழியனுப்பும் கதவருகே என் கடைசி அடி முடிந்தது. சொல்லச் சேர்த்துவைத்தது ஏராளம், குரல் கம்மிப்போயிருந்தது. வீட்டு வாசலை விட்ட பிறகு நான் பேசிய முதல் சொல், "சாப்பிடு." அவள் தலையசைத்து உள்ளே போனாள்.

ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய முதல் குளிர்காலத்தில் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, இங்கேயும் கண்ணாடி மூடுது. இவர் சோப்பு வாங்கிட்டு வந்திருக்கார். நான் ஜன்னலைத் திறந்துவச்சுப் பாடறேன். சிக்னல்ல நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க."

இதனைப் படிக்கும் அன்பர் அனைவர்க்கும் அவரவர் பாதை தெளிவாகத் தெரிக. உரிய நேரத்தில் உரிய இடம் சேர்க. பாட ஒரு பாட்டும், திறக்க ஒரு ஜன்னலும் என்றும் குறையாதிருக்க வேலவன் அருள்க.