அவித்த மா

அப்பாவுக்குத் துறைமுகத்து மாக் களஞ்சியத்தில் வேலை. பின்னேரம் அன்புவழிபுரத்து வீட்டுக்கு வரும்போது தலைமயிரில் மாவும் வாயில் ஏதாவது புதுக் கதையும் இருக்கும். அங்கே எல்லாப் பாஷைக்காரரும் ஒன்றாக மூட்டை அடுக்குவார்கள். ஒருநாள் வந்து, "இஞ்ச பாரும், எங்கட முஸ்லிம் கூட்டாளி சொல்றார், அரபியில மா எண்டா தண்ணியாம்" என்றார். இன்னொரு நாள், சிங்களப் பாட்டுகளில் 'மா' என்றால் 'நான்' என்று அறிந்து வந்தார். "அப்ப எங்கட மாவுக்குள்ள தண்ணியும் இருக்கு, நானும் இருக்கிறன்!"

"எனக்கு மா எண்டா அவிக்கிற மாதான். முதல்ல போய்க் கையைக் கழுவுங்கோ" என்பார் அம்மா.

கோதுமை மாவைத் துணியில் கட்டி, ஆவியில் அவித்துத்தான் பிட்டுக்கு எடுப்போம். இறக்கியதும் சுடச்சுட உதிர்த்து, கட்டியில்லாமல் அரிதட்டில் அரித்துவிட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். அந்த நேரத்தில் அம்மாவோடு ஒருவரும் கதைக்க ஏலாது. வாசலில் ஆள் வந்து நின்றாலும் அரித்து முடித்துத்தான் எழும்புவார். இதற்காகவே அவர் மீது எனக்குக் கோபம் வரும்.

இந்தியாவிலிருந்து படை வந்திருந்த காலம் அது. ஒரு காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, சுற்றிவளைப்பு. அம்மா அவித்த மாவைச் சுளகில் கொட்டி அரிக்கத் தொடங்கியிருந்தார். படலையைத் திறந்து வந்த சிப்பாய்கள், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணாவை ஊர்ப் பெடியன்களோடு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா எழும்பினார்.

"அம்மா, மா ஆறப்போகுது" என்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலில் தாய்மார் கூடி நின்றார்கள். அம்மாவின் கையில் இன்னும் அரிதட்டு இருந்தது. முழங்கை வரை வெள்ளை மா. காவலுக்கு நின்றவன் மீசை சரியாக அரும்பாத பெடியன். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "மா" என்று தொடங்கி இந்தியில் ஏதோ சொல்லி, வேப்பமர நிழலைக் காட்டினான். தன் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினான். அம்மா குடிக்கவில்லை. "என்ர பிள்ளையை விடச் சொல்லு தம்பி" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவன் கையில் இல்லை.

மத்தியானம் கடந்து அண்ணாவை விட்டார்கள். வாசலில் அழாத அம்மா, வீட்டுக்கு வந்து சுளகைப் பார்த்ததும் குந்தியிருந்து அழுதார். மா கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. "வேற மா அவிக்கலாம், அழாதைங்கோ அம்மா" என்றான் அண்ணா. அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளி உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினார்.

அப்பா வந்தபோதும் இடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், அந்தப் பெடியன் "மா" என்றதையும். பழக்கம் அப்பாவை விடவில்லை. "இந்தியில அதுக்கு..." என்று தொடங்கினார்.

"தெரியும். அவன் சொன்ன விதத்திலேயே விளங்கினது" என்றார் அம்மா. உலக்கை நின்றுவிட்டது.

"அவன்ர தாய் எந்த வாசலில பாத்துக்கொண்டு நிக்கிறாளோ."