காய்ந்த வாய்க்கால்

குத்தாலத்தில் ஞாயிறுதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். சில வருடங்களுக்கு முன் அங்கே மகளைச் சைக்கிளில் அழைத்துவந்தார் ஒரு லஸ்கர். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. மெலிந்த உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை, முழங்கால்வரை சுருட்டிய பேன்ட். மற்ற பெற்றோர் டீக்கடைக்குப் போய்விட, அவர் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து, மகள் எழுதி முடித்த விடைத்தாள்களை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படிப்பார்.

ஒரு நாள் மகளுக்கு ஒரு கணக்கு தவறிப்போனது. வாய்க்காலில் தண்ணீர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடினால், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? ஐந்து மணி நேரம். அவள் எட்டு என்று எழுதியிருந்தாள். வகுத்தலில் கெட்டிக்காரி இப்படிச் செய்துவிட்டாளே என்று அவரிடம் குறைபட்டேன்.

"வகுத்துட்டுதான் மூணு கூட்டியிருக்கா சார். வாய்க்கா காஞ்சு கெடந்தா மொதல்ல அது குடிக்கும். அப்புறந்தான் தண்ணி நகரும். என்கூட வந்து பாத்திருக்கா."

"பரீட்சையில அஞ்சுதாங்க சரி."

"அஞ்சுன்னே எழுதட்டும் சார். ஆனா அவ பாத்தது தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. அவரை அதன்பின் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை இன்றும் நடத்துகிறேன், 'ஏற்கெனவே நனைந்த வாய்க்காலில்' என்று சேர்த்து.