கோழியில் இல்லாத சத்து

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் மனையியல் எடுக்கிறேன். இறைச்சிப் பாடம் வரும் நாளில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் கோழி என்றும் வலப்பக்கம் பன்றி என்றும் எழுதுவேன். எழுதி முடிப்பதற்குள் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் போய் யார் மிஸ் சாப்பிடுவாங்க என்று ஒருத்தி கேட்பாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இரண்டு மூன்று பெண்கள் மட்டும் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வீட்டில் அது சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி பாடத்தை நடத்துவேன்.

தோல் நீக்கிய கோழியில் புரதம் அதிகம், கொழுப்பு குறைவு. பன்றியில் புரதம் அதற்கு ரொம்பப் பின்னால் இல்லை. ஆனால் கொழுப்பு கூடுதல், அதனால் கிடைக்கிற சக்தியும் கூடுதல். தயமின் என்கிற பி ஒன்று, கோழியைவிட அதில் நிறைய. எந்தப் பாகத்துக் கறி என்பதைப் பொறுத்து இதெல்லாம் ஏறும் இறங்கும். இரண்டையும் நன்றாக வேகவைக்க வேண்டும். பரீட்சையில் 'வேறுபடுத்துக' என்று வந்தால் இதை எழுதினால் முழு மதிப்பெண். உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்குக் கோழி நல்லது என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன். உடம்பு ஏற வேண்டியவர்களுக்கு எது நல்லது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் அப்போதெல்லாம் பன்றிக்கறியை வாயில் வைத்ததில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மாவான என் அத்தை. வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போய்வருவார். பறவைகள் வருகிற மாதங்களில் வேடந்தாங்கல் சவாரி. நல்ல தீனிக்காரர். ஞாயிற்றுக்கிழமை அத்தை வைக்கும் கோழிக் குழம்பில் ஈரலை யாருக்கும் தெரியாமல் முதலிலேயே எடுத்துத் தின்றுவிட்டு, என்னைக் கைகாட்டுவார். "டீச்சரு துன்னுட்டாங்கம்மா." அத்தை அதை நம்புகிற மாதிரி என்னைப் பார்ப்பாள். மகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அத்தைக்கு வயிறு நிறைந்த மாதிரி.

அந்த மனிதருக்குத்தான் ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். சென்னைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு முன்னால் எடை மெஷினில் நிற்கவைப்பார்கள். எடை ரொம்ப இறங்கினால் உடம்பு தாங்காது, அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். முட்டை, கோழி, பருப்பு, எது இறங்குகிறதோ அது, நிறைய கொடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். இந்த ஒரு விஷயத்திலாவது எனக்குப் பாடம் தெரியும் என்று ஒரு தைரியம்.

அத்தை கோழியைப் பிடித்துக்கொண்டாள். கடைக்கோழி ஆகாது என்று, மதுராந்தகம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீடுகளில் சொல்லிவைத்து, பஸ்ஸில் போய் நாட்டுக்கோழி வாங்கிவருவாள். கட்டைப்பைக்குள்ளிருந்து கோழி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கண்டக்டர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர்வாள். கொல்லையில் எப்போதும் ஒன்றாவது கட்டிக் கிடக்கும். மிளகு தட்டிப்போட்டு ரசம் மாதிரி சூப்பு, எலும்பு கரைய வேகவைத்த குழம்பு, இஞ்சி போட்டு வறுவல். முதல் ஊசிக்கு அப்புறம் அவர் சாப்பிட்டார். அடுத்த ஊசிக்கு அப்புறம் கோழி வாசனை வந்தாலே துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். இரும்பு நாற்றம் அடிக்கிறது என்றார். அந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. நாக்கும் மூக்கும் முறுக்கிக்கொண்டுவிடும். அம்மா நிற்கிறாளே என்று ஒரு கவளம் வாயில் போடுவார். அவள் உள்ளே போனதும் வாந்தி. தட்டில் மிச்சமிருப்பதைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்து, தெருமுனை நாய்க்குப் போடச் சொல்வார். அத்தை வந்து காலித் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். எடை மெஷினை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் கோவளத்திலிருந்து அவருடைய கூட்டாளி வந்தார். அவரும் வேன் ஓட்டுகிறவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். கடல்காற்று பட்டால் தேவலாம் என்று இவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். வண்டியிலிருந்து இறங்கியவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. ஈரலைத் தின்றுவிட்டு என்னைக் கைகாட்டும் அதே சிரிப்பு. அதைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்.

"திட்டக் கூடாது. அவன் வூட்ல பன்னிக்கறி. ரெண்டு வாட்டி வாங்கித் துன்னேன். வாந்தி வரல."

நான் திட்டவில்லை. கொழுப்போடு சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கொழுப்புதான் வழுக்கிக்கொண்டு இறங்கியது, கோழி மாதிரி நார்நாராக நிற்கவில்லை என்றார். எனக்கு அழுகை வந்தது. பல வருஷமாகக் கோட்டுக்கு வலப்பக்கம் எழுதிவந்தது முழுக்க என் புருஷனுக்காகவே எழுதினதாகத் தோன்றியது.

அதற்கப்புறம் அந்தக் கூட்டாளி செங்கல்பட்டுப் பக்கம் சவாரி வரும்போதெல்லாம் ஒரு தூக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி சமைத்து அனுப்பினாள். அத்தை கோயிலுக்கோ கோழி வாங்கவோ போயிருக்கும் நேரமாகப் பார்த்து நான் சூடாக்கிக் கொடுப்பேன். அடுத்த முறை எடை இறங்காமல் நின்றது. தள்ளிப்போட்ட ஊசியைப் போட்டார்கள். டாக்டர் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நன்றாக வேகவைத்திருந்தால் சரி, கொடுங்கள் என்றார்.

ஒருநாள் பஸ் கிடைக்காமல் அத்தை பாதியிலேயே திரும்பிவிட்டாள். அடுப்பில் தூக்கு இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கேட்டாள். நானும் மறைக்கவில்லை.

எங்கள் ஊரில் பன்றி என்பது வெறும் விலங்கு இல்லை. யார் எந்தத் தெரு என்று பிரித்துவைக்கும் ஒரு அடையாளம். அத்தை கத்தியதில் அது எல்லாமே இருந்தது. நம்ம ஜனம் தொடாதது, சொந்தக்காரன் எவனாவது கேள்விப்பட்டால் வாசல் மிதிப்பானா, இப்படி. அதற்கெல்லாம் பதில் சொல்லும் கோபம் என்னிடம் நிறையவே இருந்தது. சொல்லவும் சொன்னேன். ஆனால் கடைசியில் அவள் சொன்னது வேறு. மகன் பிழைக்க வேண்டும் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு அவள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். இந்தச் சட்டி வீட்டுக்குள் வந்தால் வேண்டுதல் கெட்டுப்போய்விடும், இவனை நாமே கொன்ற மாதிரி ஆகிவிடும் என்று உண்மையாகவே பயந்தாள்.

"கோழியில இல்லாத சத்தா இதுல கீது? நீ படிச்சவதானே, சொல்லு."

"இருக்குது அத்த," என்றேன். வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன். கொழுப்பு, சக்தி, பி ஒன்று. உங்கள் கோழியை அவர் நாய்க்குப் போடுகிறார் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கு அத்தை அந்த ஒருவேளையும் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மொட்டைமாடியில் தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து நானே சமைத்துக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வுடு டீச்சரு. அம்மா பட்னியா கெடந்தா எனக்கு எதுவும் எறங்காது."

அதோடு முடிந்தது. கூட்டாளிக்குப் போன் செய்து இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரே ஒரு முறை கோவளத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவந்தார். அப்புறம் வண்டியில் உட்கார முடியாமல் போயிற்று. மறுபடி கோழி சூப்பு, மறுபடி துண்டு. மறுபடி காகிதப் பொட்டலம். அந்த நாய்க்கு உடம்பு போட்டது. ஆடிமாதம் பிறந்த வாரத்தில் அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் கறிப் படையல் உண்டு. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைப்போம். கொல்லையில் கட்டிக் கிடந்த கடைசிக் கோழியை அடித்துக் குழம்பு வைத்தார்கள். வறுவல், முட்டை, கருவாடு, அவர் குடிக்கும் பன்னீர் சோடா, ஒரு பாக்கெட் சிகரெட். ஈரலைத் தனியாக எடுத்து இலையின் ஓரத்தில் நான் வைத்தேன். சொந்தம் முழுக்க வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தது.

கோவளத்துக் கூட்டாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். பந்தலுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார்கள். அந்த அம்மாள் கையில் தூக்கு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. சேலைத் தலைப்பால் பாதி மறைத்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் தலை நிமிராமல் எழுதும் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

நேராகத் தெருவுக்குப் போனாள். தூக்கை வாங்கினாள். அந்த அம்மாளின் கையையும் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, கோழிக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டி வைத்தாள். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஏதோ ஆரம்பித்தார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம் புள்ளைக்கு நான் வெக்கிறேன்," என்றாள்.

சித்தப்பா சாப்பிடாமல் போனார். இன்னும் சிலரும் போனார்கள். நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கறியைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் போனபின் சாயங்காலம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கோழி கட்டியிருந்த கயிறு இன்னும் முளைக்குச்சியிலேயே கிடந்தது. தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அத்தை அதை எடுத்துத் தேய்த்தாள். எண்ணெய் போய் வெகுநேரம் ஆகியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, இதுல கோழியில இல்லாத சத்து கீதுன்னு சொன்னியே. நான் தடுக்காம வுட்டுருந்தா எம் புள்ள நின்னுருப்பானா?"

அந்த எட்டு நாளும் நான் காத்திருந்த கேள்வி. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும் இல்லைதான். அந்த நோய் போன வேகத்துக்கு எந்தக் கறியும் அவரை நிறுத்தியிருக்காது. மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு ஊசி தாங்கியிருப்பார். ஆனால் கடைசி மாதங்களில் வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு, திருட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போயிருப்பார். வெறும் வயிற்றோடு, அம்மாவுக்காகத் தட்டைக் காலிசெய்து காட்டிவிட்டுப் படுத்திருக்க மாட்டார். அதையாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அத்தை தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்த. ரெண்டுத்துலயும் ஒரே சத்துதான். அன்னிக்கு நான் கோவத்துல சொன்னேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"நீ டீச்சரு. உனக்குத் தெரியாதா?" என்றாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடியே கேட்டாள். "என் கோழிய ஒருநாளாவது ஆசையா துன்னான் இல்ல?"

"தட்டுல மிச்சமே வெக்கல அத்த," என்றேன்.