பாஸ்போர்ட்டில் சுருட்டை முடி

திருத்தணி மலைமேல் மொட்டை அடிக்கும் மண்டபத்தில் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட் மடியில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் எலி கடித்துவிடுமோ என்று பயம்.

பிஸ்கட் பொட்டலம் கட்டும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை, மாதம் இரண்டு தடவை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். போன தடவை நடுக்கடலுக்கு மேலே விமானம் குலுங்கியபோது முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். நாளை மறுநாள் துபாய். பாஸ்போர்ட் படத்திலோ எனக்குச் சுருட்டை முடி. வேறு ஆள் என்று திருப்பி அனுப்பினால் வேலை போய்விடும். நேர்த்திக்கடனை முடிக்காமல் ஏறினால் விமானம் மறுபடி குலுங்கும்.

மொட்டை அடிப்பவரிடம் மெதுவாகக் கேட்கிறேன். "முன்னாடி மட்டும் கொஞ்சம் விடலாமாங்க?"

"நேர்ந்துகினது மொட்டையா, கொஞ்சமா கத்தரிக்கிற பூமுடியா?"

"மொட்டைதான்."

"அப்போ குனிங்க."

முடித்ததும் பாஸ்போர்ட்டை நீட்டுகிறேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்குகிறார். படத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"நீங்கதான் சார்."

"நிச்சயமா தெரியுதா?"

"ஆங். போட்டோல எப்டி பயந்துகினு கீறீங்களோ, இப்பவும் அப்டியேதான் கீறீங்க. அங்க போயி சிரிச்சிகினு மட்டும் நிக்காதீங்க."

தலையில் சந்தனம் பூசிக்கொள்கிறேன். அங்கே சிரித்துவிடுவேனோ என்ற கவலை மட்டும் எனக்கு இல்லை.